பியூஸ் பெட்டியில் அகப்படாத சத்தம்

உமது காரின் சாம்பல் தட்டை இன்று காலை இழுத்துத் திறந்தேன். அதற்குள் ஒருநாளும் சாம்பல் விழுந்ததில்லை. உமது கைக்குட்டைதான் சுருட்டியபடி கிடந்தது. பவுடர் வாசம் இன்னும் போகவில்லை. பிரித்தால், உள்ளே உமது காது மெசின்.

மூதூரிலிருந்து ஒருவர் காரை வாங்க வருகிறார். அதனால்தான், "உங்கட சாமான் ஏதும் கிடந்தா எடுங்கோ அக்கா" என்று உமது தம்பி என்னைக் கூப்பிட்டிருந்தார். எனக்கு அதில் குடையைத் தவிர என்ன இருக்கப்போகிறது? குடையும் இருக்கவில்லை. எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டே இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் இல்லாமல் ஓய்வுபெற்ற ஆசிரியர் எவரும் இல்லை. விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு 'அவியாத கடலை' என்று பெயர். நான் கவலைப்படவில்லை. கணக்கு டீச்சரான நீர்தான் பயந்தீர். காது மெசினைக் கண்டால் பிள்ளைகள் உம்மை என்னவெல்லாம் கூப்பிடுவார்களோ என்று. ஆனால் பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் கேட்க வேண்டுமே. ஆகவே ஸ்டியறிங்கில் கை வைக்கும்போது மட்டும் அது காதில் ஏறும். கிண்ணியாப் பாலம் தாண்டி, பள்ளிக்கூட வாசல் வருமுன் சாம்பல் தட்டுக்குள் போய்விடும். வீட்டிலும் நீர் அதைப் போடுவதில்லை. நீர் மாட்டும்போதும் கழற்றும்போதும், பக்கத்துச் சீற்றில் நான் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தனை வருடப் பயணத்தில் அதைப் பற்றி இருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை. மரியாதை என்று நாங்கள் நினைத்தது அதைத்தான்.

ஒருநாள் பாலத்தில் ஏறும்போது கேட்டீர்.

"இது என்ன சத்தம், ஙீ எண்டு?"

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே."

"அக்சிலேற்றரை அமத்தினாக் கூடுது, விட்டாக் குறையுது. வயறிங்கிலதான் ஏதோ பிழை."

உள்துறைமுக வீதியில் கார் வயறிங் திருத்தும் பாஸிடம் கொண்டுபோனோம். கடல் உப்பில் பச்சை பூத்துப்போன எர்த் வயரைச் சுரண்டித் துடைத்தார். பெல்ட் மாற்றினார். றேடியோவைக் கழற்றிக் கையில் தந்தார். அவர் தலையை உள்ளே நீட்டும்போதெல்லாம் நீர் மெசினைச் சட்டென்று கழற்றிவிடுவீர். சத்தமும் நின்றுவிட்டது என்பீர். பின்சீற்றில் அவரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனோம், ஒன்றுமில்லை. அவரை இறக்கிவிட்டு மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வருமுன் திரும்பவும் தொடங்கியது.

"பாஸைக் கண்டாப் பயந்து ஒளிக்குது" என்றீர். வயிறு நோகச் சிரித்தோம். இன்று அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாமே பிடிப்போம் என்று காரை துறைமுகக் கரையில் ஒரு மர நிழலில் நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டோம். நீர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தீர். நான் முழங்காலடியில் இருந்த பியூஸ் பெட்டியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

"நிண்டுதோ?"

"இல்லை."

லைற் செத்தது. வைப்பர் செத்தது. ஹோர்ன் செத்தது.

"இப்ப நிண்டுதோ?"

நீர் கைகளை ஸ்டியறிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்தீர். "அம்மாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது" என்றீர்.

போர் நேரம் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தபிறகு உமது அம்மாவுக்கு வானத்தில் இல்லாத பிளேன் கேட்கத் தொடங்கியது. கட்டிலுக்குக் கீழே போய்ப் படுப்பார். கடைசியில் உம்மையும் யாரென்று தெரியாமல் போய்ச் சேர்ந்தார். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், பிடுங்கிய பியூஸ்களைத் திரும்பச் செருகினேன்.

அடுத்த கிழமையே காருக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டீர். "கார் ஓடுறவளுக்குத் தலை சரியா இருக்க வேணும். பிள்ளையள் றோட்டைக் கடக்கிற நேரம் எனக்குப் பிளேன் கேட்டா?" டொக்டரிடம் போவோம் என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன். "அவை நோய்க்கு ஒரு பேர் வைச்சுத் தருவினம். பேர் எனக்குத் தெரியும்" என்றீர். வேலையையும் விட்டீர். நான் பஸ்ஸில் போனேன். பின்னேரங்களில் வந்து பார்த்தால், உம்மையே கண்காணிப்பதுபோல் கதிரையில் இருப்பீர். ஒரு பெயர் மறந்தால் முகம் வெளுக்கும். நோய் வருத்தம் என்று ஒன்றும் இல்லாமலே மெலிந்தீர். ஒரு விடியலில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

இப்போது எனக்கும் காது மெசின் வந்துவிட்டது. அதைத் தந்த இடத்தில், அதன் முதுகில் இருக்கும் சிறு விசையைக் காட்டிச் சொன்னார்கள்: "இதைத் தள்ளினால் போன் நல்லாய்க் கேக்கும். ஆனால் மின்சாரம் ஓடுற இடமெல்லாம் இரையும், கவனம்." தலையாட்டிவிட்டு வந்தேன். வருடா வருடம் கம்பிச் சுருளையும் காந்தத்தையும் கரும்பலகையில் கீறியவள் நான். அப்போதும் எனக்கு உம்முடைய ஞாபகம் வரவில்லை.

இன்று உமது தம்பி இரவல் பற்றரி பூட்டிக் காரை உயிர்ப்பித்தார். நான் என்னுடைய மெசினைக் கழற்றி, அதன் பற்றரியை உம்முடையதில் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் தெரியாது. உமது பொருள், காதில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. உமது காதுக்கென்று வார்த்தது, என் காதில் உட்காரவில்லை. விரலால் அழுத்திப் பிடித்தேன்.

ஙீ.

"கொஞ்சம் அக்சிலேற்றரை அமத்துங்கோ" என்றேன். கூடியது. விட்டார், குறைந்தது. விசையைத் தடவிப் பார்த்தேன். போனுக்கென்ற பக்கம் தள்ளித்தான் இருந்தது. தட்டுக்குள் அவசரமாக அமுக்கிய ஏதோ ஒரு காலையில் நகர்ந்திருக்க வேண்டும். நகத்தால் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். நின்றது. திரும்பத் தள்ளினேன். வந்தது.

"ஓம், எனக்கும் கேக்குது" என்று உரக்கச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி திரும்பிப் பார்த்தார். "என்ன அக்கா கேக்குது? எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே."

மத்தியானம் காரைக் கொண்டுபோய்விட்டார்கள். கைக்குட்டையோடு மெசின் என் கைப்பையில் இருக்கிறது. அந்த விசையை நீர் விட்ட இடத்திலேயே விட்டிருக்கிறேன். தம்பிக்குச் சொல்லவில்லை, சொன்னால் அவரும் இதைச் சுமக்க வேண்டும். உமது தலைக்கு ஒன்றும் இல்லை. கடைசிவரை அது நன்றாகத்தான் இருந்தது. இதைச் சொல்ல வேண்டிய ஆள் நீர் ஒருவர்தான்.