சாமிக்கல்லைத் தட்டாமல் விட்ட அப்பாவுக்கு

அப்பா,

என் ஸ்கேலில் செம்மண் ஒட்டியிருக்கிறது. துடைத்தாலும் எட்டாவது அங்குலம் வரை சிவப்பு போகவில்லை. நம் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சாமிக்கல்லுக்கும் மேட்டுக்கும் நடுவே விழுந்த விரிசலில் விட்டுப் பார்த்தேன். போன வாரம் பேனா மூடிதான் நுழைந்தது. மூன்று நாள் மழைக்குப் பிறகு, இன்றைக்கு ஸ்கேல் எட்டு அங்குலம் இறங்கிவிட்டது. அம்மாவும் தங்கச்சியும் அந்தப் பக்கத்துச் சுவரை ஒட்டித்தான் தூங்குகிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் அடுப்படியில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. அதைவிட உங்கள் மேல் எரிச்சலாக இருக்கிறது.

எஸ்டேட்டில் எந்தக் கல்லையும் தட்டிப் பார்க்காமல் உடைக்க மாட்டீர்கள். சுத்தியலால் ஒரு தட்டு, பிறகு தலையைச் சாய்த்துக் கேட்பீர்கள். ‘டங்’ என்றால் மலையோடு சேர்ந்தது. ‘டொப்’ என்றால் மண்ணில் சும்மா உட்கார்ந்திருப்பது. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பொறுமை இழந்து, “ஏனுங்க, கல்ல ஒடைக்கச் சொன்னா அதுகூடப் பேசிக்கிட்டு இருக்கறீங்க?” என்பார். “இருங்க ரைட்டரே, அது இன்னும் பதில் சொல்லல” என்பீர்கள்.

நான் சுத்தியலைக் கேட்டால் மட்டும், “போ கண்ணு, போயிப் படி.” படித்தேன். கருங்கல்லின் வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, ஓரமெல்லாம் உளுத்துச் செம்மண்ணாகி, நடுவில் உருண்டையாக ஒரு கல் மிஞ்சுமாம். நம் மலை முழுக்க அப்படித்தான். பார்த்தால் மலையோடு பிறந்தது போலிருக்கும். அடியில் பிடிப்பே இருக்காது.

கல்தூசி உங்கள் நெஞ்சில் இறங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்காக அடிவாரத்துக்கு பஸ்ஸில் இறங்கினோமே, அன்றைக்கும் ஜன்னல் வழியே கல்லைத்தான் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். “மேல செவப்புக்கல்லு, அலுமினியத்துக்குப் போயிருது. கீழ வெள்ளக்கல்லு, சூளைக்குப் போயிருது. நடுவுல கெடக்கற கருங்கல்லுதான் கண்ணு நம்ம கூடவே இருக்குது. படி, சுவரு, ஆட்டுக்கல்லு எல்லாம் அதுதான்.” சொல்லிவிட்டு இருமினீர்கள். உங்கள் நெஞ்சுக்குள் போனதும் அதுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படிப்பட்டவர் சொந்த வீட்டுக் கல்லைத் தட்டவில்லை! வீடு கட்டிய அன்றே அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினீர்கள். “நம்ம ஊட்டுக்கு இதுதான் முதுகு” என்றீர்கள். நான் தட்டச் சொன்னபோது, “சாமிய யாராச்சும் சுத்தியல்ல அடிப்பாங்களா?” என்று சிரித்தீர்கள். அவ்வளவுதான், முடிந்தது.

நீங்கள் போன பிறகு மாமா வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று கல்லின் அடியில் மண்ணை வெட்டினார். வேண்டாம் என்றேன். “உங்கொப்பன் பாத்து வெச்ச கல்லு. உனக்கு நொம்பத் தெரியுமோ?” என்றார். விரிசலைக் காட்டினேன். “அப்பா சொன்னாச் சொன்னதுதான்” என்று அம்மா அதற்கும் குங்குமம் வைத்தாள். விரிசலுக்கு, அப்பா! நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் பேச்சு மட்டும் இங்கேயே நிற்கிறது, நான் அதோடு மல்லுக்கட்டுகிறேன்.

இன்று சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் உங்கள் சாமான்களைக் கட்டி வைத்திருந்த சாக்கை அவிழ்த்துச் சுத்தியலை எடுத்தேன். பிடியில் இன்னும் உங்கள் கை வாசனை. முதலில் ரோட்டு வளைவில் இருக்கும் மாதா கோயிலுக்குப் போய், அது நிற்கும் பாறையைத் தட்டினேன். டங். பிறகு இங்கே வந்து, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மேட்டுப் பக்கமாக நின்று மூன்று தட்டு.

டொப். டொப். டொப்.

சாமியைச் சுத்தியலால் அடித்தேன் என்று தெரிந்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள். அதற்குப் பயந்து ஒரு மணி நேரமாக இங்கே உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் மூளை கிடையாது. மழை மறுபடியும் வலுத்துவிட்டது.

கல் நகர்கிறது என்று சொன்னால் அம்மா எழ மாட்டாள். அதனால் அதைச் சொல்லப் போவதில்லை. சாமியை அடித்தேன் என்று சொல்லித்தான் எழுப்பப் போகிறேன். அந்தக் கோபத்தில் என்னைத் துரத்திக்கொண்டாவது வெளியே வருவாள். மாதா கோயில் வரைக்கும் நிற்காமல் ஓடுவேன். இடுப்பில் தங்கச்சி இருப்பாள். இன்னொரு கையில் உங்கள் சுத்தியல் இருக்கும்.