பென்ஷன் காகிதம் ஏன் தபாலில் வரவில்லை

உ

மேலப்பட்டி,
விரோதி வருஷம் ஆவணி 4, சனிக்கிழமை.

சிரஞ்சீவி அடைக்கலத்துக்கு ஆத்தா உண்ணாமலை ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்கா சொர்ணம், மச்சான், அவர்கள் மகள் செவந்தி, நேற்றுக் கன்று போட்ட செவலைப் பசு வரை எல்லோரும் சௌக்கியம். பம்பாயில் நீயும் மருமகள் கண்ணாத்தாளும் பேரன் திருப்பதியும் அதேபோல இருக்க வேண்டும் என்று அய்யனாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் மறந்தாலும் நான் வெள்ளிக்கிழமைதோறும் போய் ஞாபகப்படுத்திவிடுகிறேன். ரெண்டு உழவுக்கு மழை பெய்தது. கடலை இந்த வருஷம் சுமார்தான், கொடியைப் பிடுங்கினால் காயைவிட மண்தான் அதிகம் வருகிறது.

உன் கடிதம் ஆடிப்பெருக்கு அன்று கிடைத்தது. அதில் ரெண்டு விஷயம் எழுதியிருந்தாய். ஒன்று, செவந்தி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது, தாய்மாமன் சீரை மணியார்டரில் அனுப்பிவிடுகிறேன் என்பது. அதற்குப் பிறகு வருகிறேன். ரெண்டாவது, வருமான வரிக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கிற பாரத்தில் உன் பட்டாளத்துப் பென்ஷனையும் காட்ட வேண்டுமாம், அது எந்த வகைப் பென்ஷன் என்று காகிதம் பார்க்காமல் நம்ப மாட்டார்களாம், காகிதம் இருந்தால் அந்தப் பணத்துக்கு வரி கிடையாதாம், இல்லாவிட்டால் சம்பளத்தோடு சேர்த்துக் கூட்டி வரி போட்டுவிடுவார்களாம், ஆகையால் நான் அங்கே விட்டு வந்த தகரப் பெட்டிக்கு அடியில் அரக்கு வைத்த பழுப்பு உறை ஒன்று இருக்கிறது, அதைப் பிரிக்காமல், யாருக்கும் காட்டாமல், ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு என்பது. பிரிக்காமல் என்பதற்குக் கீழே ரெண்டு கோடு போட்டிருந்தாய். ஒரு கோடு போட்டிருந்தால் ஒருவேளை பிரிக்காமல் இருந்திருப்பேன்.

பிரித்தேன். உள்ளே முழுக்க இங்கிலீஷ். இந்த ஊரில் என் வயசுப் பெண்பிள்ளைகளில் ஐந்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்றாலும், எங்கள் வாத்தியார் இங்கிலீஷை ஆறாவதுக்கு வைத்திருந்தார். ஆகவே கறம்பக்குடியில் குழந்தைசாமி வீட்டுக்கு எடுத்துப் போனேன். கோர்ட்டுக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வானவர், இப்போது ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறார். அப்போது அங்கே வேறு யாரும் இல்லை என்று எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் இருந்தார். யார் தெரியுமா? நம் செவந்திக்கு மாமனாராக வரப்போகிற பெரியண்ணன்தான். நம் சமஸ்தானம் மதராசோடு சேர்ந்த பிறகு அவருடைய கடலை வியாபாரத்துக்கும் வருமான வரி நோட்டீஸ் வந்துவிட்டது, அந்த பாரத்தை நிரப்பத்தான் செக்கு மாடு மாதிரி குழந்தைசாமியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் காகிதத்தை முந்தானைக்குள் மறைக்கத்தான் பார்த்தேன். அதற்குள் குழந்தைசாமி கையை நீட்டி வாங்கி, கோர்ட்டில் வாசிக்கிற குரலில் ஆரம்பித்துவிட்டார். "பர்மாச் சண்டையில குண்டு வெடிச்சு வலது கால்ல ரெண்டு விரல் போயிருக்கு. நூத்துக்கு இருவது ஊனம்னு டாக்டர் எழுதியிருக்காரு. அதுக்காகக் குடுக்குற காயப் பென்ஷன் இது" என்றார். நூற்றுக்கு இருபது என்றதும், அட பாவமே, முப்பத்தைந்தாவது வாங்கியிருக்கக் கூடாதா என்று என் வாயில் வந்துவிட்டது. குழந்தைசாமி கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. காகிதம் சொல்லித்தான் எனக்கு இது தெரிய வேண்டும் என்பதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், பட்டாளத்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து பத்து நாள் இருந்தாயே, அக்கினி நட்சத்திர வெயிலில் ஒருவன் காலுக்கு உறை போட்டுக்கொண்டு தூங்கினால் பெற்றவளுக்குச் சந்தேகம் வராதா? மத்தியானம் நீ குறட்டை விடும்போது மெதுவாக உருவிப் பார்த்தேன். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பழையபடி மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொர்ணத்திடம் சொன்னேன். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். நீ சொல்லவும் இல்லை, அப்புறம் ஊர்ப்பக்கம் வரவும் இல்லை. மணவறையில் பூட்ஸோடு நிற்க முடியாது என்பதுதான் உன் லீவுக்கு வந்த கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

சரி, கதைக்கு வருகிறேன். பெரியண்ணனுக்கு விரலைவிட வரி மேல்தான் முதலில் கண் போனது. "அப்ப இந்தப் பணத்துக்கு வரியே கெடையாதா?" என்று கேட்டார். குழந்தைசாமி, "கெடையாதுங்க. ஆனா எழுதிக் காட்டணும். இன்ன பணம் வருது, இது காயப் பென்ஷன்னு எடுத்துச் சொல்லணும். ஒளிச்சு வச்சாத்தான் வம்பு" என்றார். உடனே பெரியண்ணன் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கி, "மூட்டை விழுந்து ஆறு வருசமா இந்தக் காலும் வலிக்குதுய்யா, இதையும் ஒரு ஓரமா எழுதிப் பாரேன்" என்றார். "படையில விழுந்த காலுக்குத்தான் அந்தச் சலுகை, கடலை மூட்டை விழுந்த காலுக்கு இல்ல, வேட்டிய எறக்கிவிடுங்க" என்று குழந்தைசாமி சொல்ல, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியண்ணன் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆடி முடியட்டும் ஆத்தா, வீட்டுல கலந்துகிட்டுச் சொல்லுறோம்" என்று எழுந்து போய்விட்டார். நாள் குறிக்க வேண்டியவர் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். சொர்ணம் கேட்டுவிட்டு, "ஒனக்குக் கை சும்மாவே இருக்காதா ஆத்தா? எம் மக வாழ்க்கையில போய் ஒறையப் பிரிச்சியே" என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை. குழம்பில் உப்புக்கூடப் போடவில்லை, வேண்டுமென்றேதான்.

ஆவணி பிறந்த அன்று பெரியண்ணன் சம்சாரம் ராக்காயி வந்தாள். வெற்றிலை பாக்கு இல்லை, பழம் இல்லை, வெறும் கை. உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, சுற்றி வளைத்து, "நான் சொல்லலைங்க, எங்க மாமியா கேக்குறாக. கால் ஊனப்பட்ட மாமன் பொண்ணக் கையப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டியாரலாமா, குடும்பத்துக்கு ஆகுமான்னு" என்று ஆரம்பித்தாள். நான், "ஏ ராக்காயி, எம் மகன் சம்பளத்துக்கு சர்க்கார் வரி கேக்குது. நெலத்துக்குத் தீர்வை கேக்குது. ஒம் புருசன் கடலைக்குக் கேக்குது. அவன் கால் காசுக்கு மட்டும் ஏன் கேக்கலை? ரெண்டு விரலா முன்னாடியே கட்டிட்டான், அதனால கேக்கலை. சர்க்காரே கும்பிட்டு ஒதுங்குற காலு, ஒம் மாமியாவுக்கு ஆகாதோ?" என்றேன். சர்க்கார் சட்டம் இப்படித்தான் சொல்கிறதா என்று குழந்தைசாமியைக் கேட்டுவிட்டு நான் பேசவில்லை. வாய்க்கு வந்தது. அதோடு முடிந்திருக்கும், அடுப்படியிலிருந்து உன் மருமகள் செவந்தி எட்டிப் பார்த்து, "எங்க மாமனுக்கு எட்டு வெரல்தான். அந்த வீட்டுல பத்து வெரலையும் வச்சுக்கிட்டு யாரும் சண்டைக்குப் போனாகளான்னு கேளு அம்மாயி" என்று போட்டாளே பார்க்கலாம். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். ராக்காயி செம்பைக் கீழே வைத்தாள். அப்புறம் பாத்திரம் உருளுகிற மாதிரி ஒரு சிரிப்பு. "இந்த வாய் எங்க வீட்டுக்கு வரட்டும் ஆத்தா. எங்க மாமியாவுக்குப் பதில் சொல்ல ஆளில்லாம இருவது வருசமா நான் தவிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் காலையிலேயே தாம்பூலத் தட்டோடு பெரியண்ணன் வந்து நாள் குறித்தாயிற்று. ஆவணி 26, ஞாயிற்றுக்கிழமை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார், மாமன் மணியார்டராக வரக்கூடாது, ஆளாக வர வேண்டும் என்று. நீ வராமல் மேளம் கொட்ட விடமாட்டாராம். கறம்பக்குடிச் சந்தையில் எல்லாம், எங்க சம்பந்தி வீட்டுக் காலுக்கு வரி கிடையாது என்று அவரே சொல்லிக்கொண்டு திரிகிறார். அவருடைய பாரத்தையும் நீதான் ஒரு தரம் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம், குழந்தைசாமி மேல் அவருக்கு இன்னும் அந்த முழங்கால் வருத்தம் தீரவில்லை.

லீவு இல்லை என்று மறுபடியும் எழுதாதே. நீ எழுதிய அதே வாரத்தில் உனக்கு இருபது நாள் லீவு பாக்கி இருப்பதாகக் கண்ணாத்தாள் எனக்குத் தனியாக எழுதிவிட்டாள். அவளைத் திட்டினால் எனக்குத் தெரிந்துவிடும், அதையும் அவளே எழுதிவிடுவாள். பாரம் கொடுக்கக் கடைசி நாள் செப்டம்பர் முப்பது என்று நீதான் எழுதியிருக்கிறாய். கல்யாணம் முடிந்து திரும்பிப் போய்க் கொடுக்க நாள் நிறையக் கிடக்கிறது, நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆகவே பழுப்பு உறை இந்தத் தபாலில் வரவில்லை, எந்தத் தபாலிலும் வராது. என் இடுப்புச் சுருக்குப்பையில் இருக்கிறது. ஊர் பார்க்க நீ வெறுங்காலோடு செவந்தியைக் கூட்டி வந்து மணவறையில் உட்கார வைத்ததும், அந்த இடத்திலேயே உன் கையில் தருவேன். அதெல்லாம் வேண்டாம், வரியையே கட்டித் தொலைக்கிறேன் என்று நினைத்தால் கட்டு. சர்க்கார் வேண்டாம் என்கிற பணத்தை வம்பாகக் கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளை என்று சந்தையில் நானே சொல்லுவேன்.

எல்லா நலமும் பெற்று மூன்று பேரும் நீண்ட நாள் வாழ வேண்டும். பேரனுக்கு ரயிலில் ஜன்னல் ஓரம் கொடுக்காதே, கரி கண்ணில் விழும். ஒன்றை மறக்காதே, நம் வாசலில் பந்தலுக்காகப் புதுச் சரளை கொட்டியிருக்கிறார்கள், நன்றாகக் குத்துகிறது. அங்கேயே நாலு நாள் வெறுங்காலோடு நடந்து பழகிக்கொண்டு வா.

உன் வரவை எதிர்பார்க்கும்,
ஆத்தா உண்ணாமலை.