தாலிக்கொடியும் அமெரிக்க வட்டியும்

16, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பிறைத் தொழிற்பேட்டைக்குப் போகும் ஃபேக்டரி பஸ் தாமதம். அவர் சட்டைகளை எல்லாம் கோயிலில் கொடுத்தாயிற்று, இரண்டு பை. இல்லாதவர்களுக்குப் போகுமாம். அழுகை வரவில்லை.

மகன் சுகு கல்யாணத்துக்கு: கூறைப்புடவை, மெட்டி, தாலிக்கொடி. மாப்பிள்ளை வீடு நாங்கள், கொடி எங்கள் செலவு. சேர்த்த சம்பள வெள்ளி பத்தாது. அவர் போனபின் கழற்றிய என் கொடி அலமாரியில் இருக்கிறது. அதைக் கொடுத்துத்தான் மருமகளுக்கு எடுக்க வேண்டும்.

தம்பி குமார் ஃபோன். "அக்கா, அவசரப்படாதே. இந்த வாரம் அமெரிக்காக்காரன் வட்டியக் குறைக்கப் போறான். குறைச்சா டாலருக்கு மவுசு போயிரும், எல்லாரும் தங்கத்துக்கு ஓடுவானுங்க. வெல ஏறினதும் குடுக்கலாம்லா."

சரி என்றேன். இப்போதெல்லாம் எதற்கும் சரிதான்.

18, வியாழன்

வெயில். பால் தீர்ந்துவிட்டது. வட்டியைக் குறைத்துவிட்டார்களாம். ஆனால் தங்கம் இறங்கிவிட்டது. இனிமேல் அவசரப்பட்டுக் குறைக்க மாட்டோம் என்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் சொன்னாராம், டாலர் நிமிர்ந்துகொண்டதாம். குமார் புலம்பல். "போச்சேக்கா!" எனக்குக் கவலைப்படத் தோன்றவில்லை. அவனைப் பார்க்கத்தான் பாவம்.

20, சனி

குமாரோடு ஃபெரி ஏறித் தீவுக்குப் போய் லிட்டில் இந்தியா நகைக்கடை. கடைக்காரர் சிரித்தார். "ஏறினா என்ன, எறங்கினா என்னக்கா? பழசக் குடுத்துப் புதுசு எடுக்கறீங்க. கிராமுக்குக் கிராம். கூலி மட்டும் குடுங்க." வாரம் முழுக்க அமெரிக்காவைப் பார்த்தவன் ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

தராசில் என் கொடி. பழைய ரசீதில் இருப்பதைவிட அரை கிராம் குறைவு.

"அது எப்படி குறையும்?" குமார் சண்டைக்குப் போனான்.

"தேய்மானம் அண்ணே. போட்டிருந்தா தேயத்தான் செய்யும்."

அரை கிராமுக்கும் கூலிக்கும் கட்டினேன். புதுக்கொடி பளபளவென்று இருக்கிறது.

திரும்பும்போது ஃபெரியில் தோன்றியது. இத்தனை வருஷமும் வேலைக்கு அவர் மோட்டார் சைக்கிளில்தான் போனேன். ஏறியதும் அவர் முதுகில் சாய்ந்து தூங்கிவிடுவேன். கொடி அந்தச் சட்டைகளில்தான் உரசிக்கொண்டே வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கோயிலுக்கு ஃபோன். ஒன்றே ஒன்று திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன்.

"நேத்தே எல்லாம் குடுத்து முடிச்சாச்சே அக்கா."

சரி என்றேன்.