நடுவட்டம்

மார்ச் 4

அன்புள்ள காந்தத்துக்கு,

நலம்தானே? ஒன்பது மாதமாக ஒரு வரி இல்லை. அக்கா வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், செய்தியைக் கேள். செவ்வாய்க்குப் போன நம் வண்டி முதல் படத்தை அனுப்பிவிட்டது. நீ வடிவமைத்த காந்த வளையத்தின்மேல் காற்றில் வந்த தூசி அப்பிக் கிடக்கிறது. வளையத்துக்குள் இருக்கும் நடுவட்டம் மட்டும் துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. காந்தத்துக்கு மசியாத தூசி இருந்தால் அங்கேதான் விழுந்திருக்கும். விழவில்லை. ஒவ்வொரு துகளிலும் காந்தத்தன்மை உண்டு என்று நீ சொன்னதுதான் சரி. தூசி இரண்டு வகை என்று நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். தோற்றுவிட்டேன், வீட்டுக்கு வா.

உன் கணவன்


மார்ச் 11

ஐயா அவர்களுக்கு,

தண்ணீர் ஒத்துக்கொள்கிறது. படத்தைப் பார்த்து அழுதேன்.

ஆய்வுக் குழுவின் கூட்டத்தில் என் கணக்கு தப்பு என்று மட்டும் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நீங்கள் சொன்னதைச் சுருக்கெழுத்தர் ஒரு சொல் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்: "குழந்த போனதுலேருந்து அவ மனசு சரியில்ல. அவ போடுற கணக்க நம்பாதீங்க." நம் பிள்ளையை மேசைமேல் தூக்கிப் போட்டல்லவா என்னை வெளியே தள்ளினீர்கள்!

வருகிறேன். அது பொய் என்று அதே குழுவுக்கு எழுதுங்கள். இதைப் பற்றி எழுதும் கட்டுரையில் என் பெயரைப் போடுங்கள்.

உங்கள் மனைவி


மார்ச் 20

அன்புள்ள காந்தத்துக்கு,

நீ கேட்பது நியாயம்தான். ஆனால் இப்போது போய்ப் பொய் சொன்னேன் என்றால் என் பதவி என்னாவது? கட்டுரையும் அச்சுக்குப் போய்விட்டது. உன்னை விட்டுவிடவில்லை. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில், கருவியைப் பெட்டியில் அடைத்தவருக்கு அடுத்து, 'வீட்டிலிருந்து ஊக்கமளித்த மனைவிக்கு' என்று சேர்த்திருக்கிறேன். பழையதைக் கிளறாதே. வீடு வெறிச்சென்று இருக்கிறது.

உன் கணவன்


மார்ச் 29

ஐயா,

நன்றி கிடைத்தது. பெட்டி அடைத்தவராவது தன் வேலைக்காக நன்றி வாங்கினார்.

வளையத்துக்கு நான் போட்ட வரைபடத்தின் மூலப்பிரதி உங்களிடம் இருக்கிறது. நடுவட்டத்துக்குள் பென்சிலால் 'பாப்பா' என்று எழுதியிருந்தேன். தூசி அண்டாத இடம் அது ஒன்றுதான் என்று கணக்கு சொன்னது. படத்தைப் பார்த்து நான் அழுதது அதற்காக. கட்டுரையின் அச்சுப்படியில் அந்தச் சொல் இல்லை. அச்சுக்குக் கொடுக்கும்போது அதை ரப்பர் வைத்து அழித்தது நீங்களா, உதவியாளரா?

சுருக்கெழுத்தரின் குறிப்பையும் என் கணக்கு நோட்டையும் நானே குழுவுக்கு அனுப்பிவிட்டேன். இனி நீங்கள் பதில் எழுத வேண்டியது அவர்களுக்கு. எனக்கு எழுதினால் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மனசு சரியாக இருப்பவள்