வாவிக்கு மேல் முதல் பறப்பு

அன்புள்ள மகளுக்கு,

நாளை காலை நீ ஓட்டிப் பார்க்கப்போகும் விமானத்தில், ப்ரொப்பெல்லர் போல்ட் பூட்டும் புஷ் என்ற உலோக வளையம் ஒன்றில் வெடிப்பு விழுந்திருந்தது. "கொஞ்சம் தேச்சுப்போட்டுப் பூட்டுங்க, ஓடும்" என்றார் முதலாளி. "ஏலாது" என்றேன். யார் ஓட்டினாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வாழைச்சேனையில் மீன் ஐஸ் வாங்கி, உப்புப் போட்டு, புதிய புஷ்ஷை அதில் புதைத்துச் சுருங்க வைத்தேன். துளைக்குள் நேராக இறங்கியது. ஆனாலும் பூட்டிய போல்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். வாவி அவ்வளவு ஆழமில்லை என்று தோணிக்காரர் சொன்னார். அதை ஏன் கேட்டேனோ தெரியாது.

திருத்திய பிறகு வரும் முதல் பறப்பில் வேலை செய்தவனும் ஏறுவது இங்கே வழக்கம். பக்கத்து இருக்கையில் நான்தான் இருப்பேன்.

உன் கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு பேசாத நீ, நாளையும் பேச வேண்டியதில்லை. எனக்கு என்ஜின் சத்தம் கேட்டால் போதும்.

அப்பா