நீலக் குடத்தின் தலையில் ஏற்றிய பாரம்

சகலை,

இன்று காலை வாளி வார்க்கும் சின்ன மெஷினில் சிவப்பை மாற்றி மஞ்சள் ஏற்றினார்கள். பழைய நிறம் போகும்வரை உருகிய பிளாஸ்டிக் வழிந்து தரையில் கட்டியாக விழுந்தது. அந்தத் தீய்ந்த வாசனையில், நீங்கள் காலமாகிவிட்டதே மறந்து திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் கைவைத்து, “இது யார் கணக்கு?” என்பீர்களே.

திண்டிவனத்தில் நம்மைப் போல் குடம் செய்தவன் கிடையாது. நம் நீலக் குடம் மாடியிலிருந்து விழுந்தால் தரைதான் உடையும். அந்தக் குடத்தில்தான் நஷ்டம் என்றது கணக்கு. கரண்டு, வாடகை, மேஸ்திரி சம்பளம் என எல்லாப் பொதுச்செலவையும் ஓடும் பிளாஸ்டிக்கின் கிலோ பார்த்துப் பிரிப்பது நம் வழக்கம். அதிகக் கிலோ ஓடுவது குடம். பாரமும் அதன் தலையில். பெண், மாப்பிள்ளை பெயர் போட்டு, கேட்ட நிறத்தில், ஐம்பது நூறாகப் போகும் கல்யாணச் சீர் வாளியோ லாபத்தில் மின்னியது.

அதனால் குட மெஷினை விற்கத் துணிந்தோம். விழுப்புரத்துக்காரர் கிரேனோடு வந்து கொக்கியும் மாட்டிவிட்டார். அதில் வேலை செய்தவர்கள் சுவரோரமாக நின்றார்கள். நீங்கள் மட்டும் மெஷினின் பக்கவாட்டிலேயே சாக்கட்டியால் எழுத ஆரம்பித்தீர்கள்.

“இன்னா சார், வண்டி நின்னுக்கினு இருக்குது, நீங்க கோலம் போட்டுக்கினு இருக்கீங்க?”

“ஒரு டீ குடிச்சிட்டு வாங்க,” என்றீர்கள், திரும்பாமலே.

“குடிச்சாச்சு. ஜல்தி சொல்லுங்க, தூக்கவா வேணாமா?”

என் நெஞ்சு அடித்தது பக்கத்து அரிசி ஆலைவரை கேட்டிருக்கும்.

“சகலை, வாளிக்கு எத்தினி தபா நிறம் மாத்துறீங்க?” என்று என்னைக் கேட்டீர்கள்.

“தினம் ஒரு தபா. சில நாள் ரெண்டு.”

“குடத்துக்கு?”

“அதுக்கு எதுக்கு மாத்தணும்? நீலம் நீலந்தான்.”

சாக்கட்டி ஒரு கணம் நின்றது. நிறம் மாற்றும் நேரத்துக் கூலி, கரண்டு, வீணாகும் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் தனியே கூட்டி, மாற்றிய தடவைகளால் வகுத்தீர்கள். ஒரு மாற்றத்துக்கு இவ்வளவு என்று வந்தது. அதை வாளியின் பக்கம் வைத்ததும் வாளியின் லாபம் காணாமல் போயிற்று. குடம் பாரம் இறங்கி நிமிர்ந்தது. “எந்த வேல செலவ இழுக்குதோ, அந்த வேலைய எண்ணுங்க சகலை,” என்றீர்கள்.

கொக்கியைக் கழற்றியது நான்தான். ஒற்றைக் கையால். “ரெண்டு பேரும் பேஜாரு புடிச்ச ஆளுங்க,” என்று சொல்லிக்கொண்டே விழுப்புரத்துக்காரர் வண்டியேறினார்.

இப்போது வாளி கேட்டு வருபவரிடம் நிறம் மாற்றும் செலவைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன், போகிறவர் போகட்டும். குட மெஷின் ஓடுகிறது. பார்க்க வருகிறவர்களுக்கு அன்றைய கதையைச் சொல்வேன். கணக்குப் போட்டது நான், கொக்கி கழற்றியது நான், கிரேனையே ரோடுவரை தள்ளிவிட்டதும் நான். சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துகிறேன். “கிரேனையாவது வுட்டுடுங்க சகலை, பாவம்,” என்று நீங்கள் குறுக்கிடும் இடம் அது.

யாரும் குறுக்கிடுவதில்லை. எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.