பஞ்சடைத்த பெட்டிகள்

நாள் 212, காலை 07:10
எழுதுவது எஸ்தர் பொன்மலர், செவ்வாய்க் கிரகப் பனிச் சுரங்கத்தின் ஒலிக்கருவி மெக்கானிக். நான்காம் குகையின் அபாயச் சங்கில் சத்தம் குறைவு என்று புகார். ஆம்ப்ளிஃபயரைத் திறந்தேன். இரண்டு கெபாசிட்டர்கள் உப்பியிருந்தன, மாற்றினேன்.

09:40
இன்னும் முனகல்தான். போன மாதம் மாட்டிய புதுப் பெட்டியைக் கழற்றினேன். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அளவில் ஒரு பொம்மை ஸ்பீக்கர். கனம் காட்ட மண் பொட்டலம். மிச்ச இடத்தில் பூஞ்சை பிடித்த பஞ்சு. கையை மூன்று முறை துடைத்தும் நாற்றம் போகவில்லை.

11:15
ஒன்பது பெட்டிகள் பார்த்தாயிற்று. ஒன்பதும் இதே லட்சணம். மேலாளர் கதிரேசனை ரேடியோவில் பிடித்தேன்.
"சார், பாக்ஸ்ல ஸ்பீக்கரே இல்ல. பாறை சரிஞ்சா, டிரில் ஓடுற சத்தத்துல யாருக்கும் சங்கு கேக்காது."
"தெரியும்மா. நல்லதெல்லாம் ஹால்ல மாட்டியிருக்கு. நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க, பாட்டுப் போட வேணாமா? அவங்க போகட்டும், மாத்திக்கலாம்."
நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

நாள் 213, 10:20
பட்டறையிலிருந்த ஒரே நல்ல ஸ்பீக்கரை நான்காம் குகைக்குச் சுமந்து வந்தேன். பெட்டியைத் தொடுமுன்பே கூரை விரிசல் விட்டது. சங்கு ஊதியது. அருகில் நின்ற எனக்கே கொசு ரீங்காரம்போல் இருந்தது. துளைத்துக்கொண்டிருந்த இருவரும் திரும்பவே இல்லை. ஓடிப்போய் வேலாயுதத்தைப் பிடித்து இழுத்தேன். மரியதாஸை எட்ட முடியவில்லை.

12:05
குகை வாசல் அடைபட்டுவிட்டது. வேலாயுதத்தின் கால் நசுங்கியிருக்கிறது. காற்று நான்கு மணி நேரத்துக்கு. ரேடியோ செத்துவிட்டது. அபாயச் சங்கின் கம்பி மட்டும் அறுபடவில்லை. ஹாலுக்குத் தூக்கிப்போன ஸ்பீக்கர்களையும் அதே கம்பியில்தான் கோத்திருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரை பேட்டரியில் ஓட்டி, மைக்கில் கத்தினேன். பெயர், குகை எண், உயிரோடு இருவர். ஆறு முறை.

12:30
கம்பியை மாற்றிக் கோத்தேன். இப்போது ஹால் ஸ்பீக்கர்தான் எனக்கு மைக், அங்கே பேசுவது என் ஹெட்ஃபோனில் கேட்கிறது. பாட்டு இல்லை. தட்டு, கரண்டிச் சத்தம்.
"யாரோ உயிரோட இருக்கோம்னு கத்தின மாதிரி இருந்துச்சே?" ஒரு பெண் குரல்.
"அது ஒண்ணுமில்ல மேடம், லைன்ல கோளாறு. சாப்பிடுங்க." கதிரேசன். பிறகு யாரிடமோ, தணிந்த குரலில்: "அந்த வயரப் புடுங்கு."

12:31
நிசப்தம். வேலாயுதம் திரும்பத் திரும்பக் கேட்கிறான், நாம் கத்தியது அவர்களுக்குக் கேட்டதா என்று.
கேட்டது என்றேன்.
நன்றாகவே கேட்டது.